மை காய்ந்த பழைய பிரிண்டர்: துடைப்பதா, நிரப்புவதா, மாற்றுவதா?

2024 நவம்பர் 30, சனிக்கிழமை. ஃபெஞ்சல் புயல் பாண்டிச்சேரிக்கு அருகே கரையைக் கடந்த நாள். கடலூர் திருப்பாப்புலியூரில் எங்கள் வீட்டில் உட்கார்ந்து, டியூஷன் பிள்ளைகளுக்காக அரையாண்டுத் தேர்வு மாதிரி வினாத்தாள்களை பிரிண்ட் எடுத்துக்கொண்டிருந்தேன். ஏழாவது தாள் பாதி வெளியே வந்த நேரத்தில் கரண்ட் போனது. திரும்ப வர மூன்று நாள் ஆனது. வந்ததும் முதல் வேலையாக பிரிண்டரைப் போட்டேன். தாள் வந்தது, எழுத்து வரவில்லை.

இங்க்ஜெட் பிரிண்டர் வேலை முடிந்ததும் கார்ட்ரிட்ஜை ஓர் ஓரத்துக்குக் கொண்டுபோய், ரப்பர் மூடி ஒன்றின் மேல் உட்கார வைக்கும். நாசில் என்கிற துளைகள் காய்ந்துவிடாமல் காப்பது அந்த மூடிதான். கரண்ட் திடீரென்று போனால் கார்ட்ரிட்ஜ் நடுவழியில் நின்றுவிடும். என்னுடையது மூன்று நாள் மூடியில்லாமல் நின்றிருக்கிறது. புயல்தான் வர வேண்டும் என்பதில்லை. வேலை முடிந்ததும் பிரிண்டரின் பட்டனை அணைக்காமல் சுவர் ஸ்விட்சை நேரடியாக அணைக்கும் வீடுகளில் இது அடிக்கடி நடக்கும். முதலில் பட்டன், விளக்கு அணைந்த பிறகு சுவர் ஸ்விட்ச். இதற்கு ஒரு பைசா செலவில்லை.

என் பிரிண்டருக்கு வயது ஒன்பது. கருப்பு ஒன்று, மூவண்ணம் ஒன்று என்று இரண்டு கார்ட்ரிட்ஜ் போடும் வகை. சரிசெய்வதா, ரீஃபில் செய்வதா, புதுக் கார்ட்ரிட்ஜ் வாங்குவதா, இல்லை பிரிண்டரையே மாற்றுவதா என்று ஒரு மாதம் அலைந்தேன். தெருவில் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். அந்த ஒரு மாதத்தில் நான் செய்து பார்த்ததையும் விசாரித்ததையும் போட்ட கணக்கையும் இங்கே எழுதுகிறேன்.

எதற்கும் முன்னால், உங்கள் பிரிண்டரில் ஹெட், அதாவது நாசில்கள் வழியாக மையைத் தாளில் தெளிக்கும் பாகம், எங்கே இருக்கிறது என்று பாருங்கள். கார்ட்ரிட்ஜை வெளியே எடுத்துத் திருப்புங்கள். அதன் முதுகில் செம்பு நிறப் புள்ளிகளும் அடியில் சின்ன உலோகத் தகடும் இருந்தால், ஹெட் கார்ட்ரிட்ஜோடு சேர்ந்தே வருகிறது. ஹெச்பி, கேனன் இரண்டிலும் விலை குறைந்த இரட்டைக் கார்ட்ரிட்ஜ் மாடல்கள் இப்படித்தான். வெறும் பிளாஸ்டிக் பெட்டியும் மை வெளியேற ஓர் ஓட்டையும் மட்டும் இருந்தால், ஹெட் இயந்திரத்துக்குள் இருக்கிறது. எப்சன், பிரதர் இந்த வகை.

முதல் வகையில் துளைக்குப் பின்னால் ஒரு நுண்ணிய மின்தடை (ரெசிஸ்டர்) சட்டென்று சூடாகி, மையில் ஒரு குமிழை எழுப்பும். அந்தக் குமிழ் துளி மையை வெளியே தள்ளும். 1977இல் கேனன் ஆய்வுக்கூடத்தில் சூடான சால்டரிங் அயர்ன் ஒன்று மை நிரம்பிய சிரிஞ்சின் ஊசியில் தற்செயலாகப் பட்டு மை பீறிட்டதிலிருந்து இந்த யோசனை பிறந்தது. ஹெச்பி 1984இல் திங்க்ஜெட் என்ற பிரிண்டரில் ஹெட்டையும் மையையும் ஒரே கார்ட்ரிட்ஜாக்கி, தீர்ந்ததும் தூக்கிப் போடும் பொருளாகவே விற்றது. அந்த ஏற்பாட்டால் நமக்கு ஒரு லாபம்: ஹெட் கெட்டால் கார்ட்ரிட்ஜை மாற்றினால் போதும், இயந்திரம் பிழைத்துக்கொள்ளும். எப்சன் வகையில் சூடு கிடையாது. மின்சாரம் பட்டதும் வளையும் ஒரு தகடு மையைத் தள்ளும். அங்கே ஹெட் அடைத்துக்கொண்டால் எத்தனை புதுக் கார்ட்ரிட்ஜ் போட்டாலும் அடைப்பு அப்படியேதான் இருக்கும். “புது இங்க் போட்டும் வரலையே” என்று புலம்புகிறவர்கள் பெரும்பாலும் இந்த வகைக்காரர்கள்.

இனி நோய் எது என்று பார்க்க வேண்டும். நாசில் செக் என்ற சோதனைப் பக்கம் ஒன்று அடியுங்கள். கோடுகள் இடையிடையே விட்டுப் போயிருந்தால் அரைகுறை அடைப்பு. ஒரு நிறமே வரவில்லை என்றால் மை தீர்ந்திருக்கலாம், முழுசாக அடைத்திருக்கலாம், அல்லது அந்தப் பகுதிக்கு மின்சாரமே போகாமல் இருக்கலாம். ஹெட் சேர்ந்த கார்ட்ரிட்ஜில், கோளாறு மையிலா மின்சாரத்திலா என்று பிரித்துச் சொல்ல டிஷ்யூ பேப்பர் போதும். நான்காக மடித்து, வெதுவெதுப்பான தண்ணீரில் லேசாக நனைத்து, கார்ட்ரிட்ஜின் அடித்தகட்டை அதன் மேல் பத்து விநாடி வையுங்கள். அழுத்தித் தேய்க்கக் கூடாது. மூவண்ணத்தில் மூன்று பட்டைகளும் தெளிவாகத் தெரிந்தால் மை இருக்கிறது, துளையும் திறந்திருக்கிறது. அப்படியும் தாளில் வரவில்லை என்றால் கோளாறு மின் இணைப்பில். டிஷ்யூவில் ஒன்றுமே படியாவிட்டால் அடைப்பு அல்லது மை காலி.

மின் இணைப்பு என்றதும் கடலோரத்துக்காரர்கள் காது கொடுக்க வேண்டும். “கார்ட்ரிட்ஜைக் கண்டுபிடிக்க முடியவில்லை” என்று திரையில் வந்தால் பாதி நேரம் அந்தச் செம்புப் புள்ளிகளில் படிந்த அழுக்குதான் காரணம். உப்புக்காற்றும் ஈரமும் உள்ள ஊரில் இது சீக்கிரம் வரும். பஞ்சுநூல் ஒட்டாத துணியை டிஸ்டில்டு வாட்டரில் நனைத்துப் பிழிந்து, கார்ட்ரிட்ஜில் உள்ள புள்ளிகளையும் இயந்திரத்துக்குள் அதற்கு எதிரே உள்ள ஊசிகளையும் மெல்லத் துடையுங்கள். பத்து நிமிடம் உலரவிட்டுப் போடுங்கள். வீட்டுக் குழாய்த் தண்ணீர் வேண்டாம், அதில் உள்ள உப்பு திரும்பவும் அங்கேயே படியும். இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் வீட்டில் இருந்தால் அதுவே போதும்.

என்னுடையது முழு அடைப்பு. அடித்தகடு மட்டும் மூழ்கும் அளவுக்கு, இரண்டு மூன்று மில்லிமீட்டர் உயரத்துக்கு, ஒரு தட்டில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றிப் பத்து நிமிடம் வைத்தேன். பின்பு டிஷ்யூவில் ஒற்றினேன். மூன்றாவது ஒற்றலில் கருப்பு வந்தது. அன்று நான் பட்ட சந்தோஷத்தைப் பார்த்து என் மகன் சிரித்தான். பிரிண்டரில் போட்டேன், எழுத்தும் வந்தது. ஆனால் ஒவ்வொரு எழுத்தின் நடுவிலும் வெள்ளைக் கோடு. இங்கேதான் எல்லோரும் செய்யும் தவறை நானும் செய்தேன். கணினியில் ஹெட் கிளீனிங்கை ஏழெட்டு முறை அழுத்தினேன். ஒவ்வொரு கிளீனிங்கும் நல்ல மையை உறிஞ்சி, இயந்திரத்தின் அடியில் உள்ள பஞ்சுப் பட்டையில் கொட்டுகிறது. அந்தப் பஞ்சு நிறைந்துவிட்டதாகக் கணக்கு வந்தால் பிரிண்டர் வேலையையே நிறுத்திவிடும். கேனனில் 5பி00 என்று வரும் பிழை அதுதான். கிளீனிங் இரண்டு முறை, மிஞ்சினால் மூன்று முறை போதும். அதிலும் சரியாகவில்லை என்றால் ஓர் இரவு விட்டுவிட்டு மறுநாள் பாருங்கள்.

இன்னொன்று, மை குறைவு என்று வரும் எச்சரிக்கையைப் பார்த்து உடனே பயப்பட வேண்டாம். ஹெட் சேர்ந்த கார்ட்ரிட்ஜ்களில் பிரிண்டர் துளிகளை எண்ணி ஒரு மதிப்பீடு சொல்கிறது. எழுத்து நன்றாக இருக்கும்வரை ஓட்டலாம். கேனனில் இ13, இ16 என்று நின்றால், ஸ்டாப் பட்டனை ஐந்து விநாடிக்கு மேல் அழுத்திப் பிடித்தால் மை அளவைப் பார்ப்பதை விட்டுவிட்டு வேலை செய்யும். எழுத்து மங்கத் தொடங்கியதும் மட்டும் கண்டிப்பாக நிறுத்துங்கள். சூட்டில் இயங்கும் ஹெட்டுக்கு மைதான் குளிர்ச்சி. மை இல்லாமல் ஓட்டினால் உள்ளே மின்தடை எரிந்துவிடும். அப்புறம் ரீஃபில் செய்தும் பயனில்லை.

சரி, சுத்தம் செய்து பார்த்தாயிற்று, தேறவில்லை. லாரன்ஸ் ரோடு பக்கம் ஒரு சர்வீஸ் கடையில் காட்டினேன். அங்கிருந்த தம்பி கார்ட்ரிட்ஜை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, “டீச்சர், மெசின் நல்லாத்தான் இருக்கு. ரீஃபில் பண்ணித் தரேன். ஆனா எத்தனை நாள் வரும்னு கேக்காதீங்க” என்றார். இதைவிட நேர்மையான பதிலை வேறு யாரும் எனக்குச் சொல்லவில்லை.

ரீஃபிலின் கவர்ச்சி விலைதான். நான் விசாரித்தபோது கருப்புக்கு நூற்றைம்பது முதல் இருநூறு ரூபாய். புதுக் கார்ட்ரிட்ஜ் ஆயிரத்தை ஒட்டி. ஆனால் ரீஃபில் செய்வது மையை மட்டும்தான், ஹெட் பழசுதான். ஏற்கெனவே வெள்ளைக் கோடு விழும் கார்ட்ரிட்ஜை ரீஃபில் செய்தால் புது மையில் அதே வெள்ளைக் கோடு விழும். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போது, தீர்வதற்குச் சற்று முன்பே நிரப்பினால் மூன்று நான்கு முறை தாங்கும். காய்ந்த பிறகு கொண்டுபோனால் அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது.

வீட்டிலேயே சிரிஞ்ச் வைத்து நிரப்புகிறவர்கள் மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். உள்ளே இருப்பது ஸ்பாஞ்ச், அதனால் மெதுவாக ஏற்ற வேண்டும். வேகமாக ஏற்றினால் காற்று அடைத்துக்கொண்டு மை கீழே இறங்காது. மேலே லேபிளுக்கு அடியில் காற்றுத் துளை இருக்கும், அதைப் பசை டேப் ஒட்டி மூடிவிடாதீர்கள். மூடினால் நாலு தாள் நன்றாக வந்து ஐந்தாவது மங்கும். மூன்றாவது, மையின் வகை. பல மாடல்களில் கருப்பு பிக்மென்ட் மை, வண்ணங்கள் டை மை. பிக்மென்ட் என்பது தண்ணீரில் மிதக்கும் நுண்துகள், டை என்பது தண்ணீரில் கரைந்த சாயம். ஒன்று இருந்த இடத்தில் மற்றொன்றை ஊற்றினால் உள்ளே திரிந்துபோய் அடைத்துக்கொள்ளும். மூன்று வருடத்துக்கு முன் வேறொரு கடையில் எனக்கு இப்படித்தான் ஆனது. கேட்காமலேயே கையில் இருந்த மையை ஊற்றிவிட்டார்கள். ஒரு வாரத்தில் அந்தக் கார்ட்ரிட்ஜ் குப்பைக்குப் போனது.

மை வகை மற்றொரு காரணத்துக்காகவும் முக்கியம். ஃபெஞ்சல் வெள்ளத்தில் பிள்ளைகள் சிலரின் பைகள் நனைந்தன. டை மையில் அடித்த குறிப்புகள் நீலமும் கருப்புமாகக் கரைந்து ஓடிவிட்டன. ஜெராக்ஸ் கடையில் நகல் எடுத்த தாள்களை வெயிலில் உலர்த்தியதும் அப்படியே படிக்க முடிந்தது, அந்த எழுத்து தாளில் உருகி ஒட்டிய டோனர் பொடி. வருடா வருடம் வெள்ளம் பார்க்கும் ஊரில், சான்றிதழ் நகலையும் விண்ணப்பத்தையும் எந்த மையில் எடுக்கிறோம் என்பது சின்ன விஷயம் இல்லை.

கம்பேட்டிபிள் கார்ட்ரிட்ஜ், அதாவது பிரிண்டர் கம்பெனி அல்லாத வேறு ஆட்கள் விற்பது, பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஹெட் சேர்ந்த வகையில் கம்பேட்டிபிள் என்று விற்பது பெரும்பாலும் யாரோ பயன்படுத்திய கார்ட்ரிட்ஜைக் கழுவி நிரப்பியதுதான். சில புதிய ஹெச்பி மாடல்கள் வேற்று சிப்பைக் கண்டால் ஏற்பதில்லை. எப்சன் மாதிரி வெறும் பெட்டி வகைக்குக் கம்பேட்டிபிள் ஓரளவு பரவாயில்லை. வெளியே டப்பா வைத்து குழாய் வழியாக மை இழுக்கும் செட்டை என் பிரிண்டருக்குப் போட்டுத் தருவதாக ஒருவர் சொன்னார். வேண்டாம் என்றேன். குழாயில் ஒரு காற்றுக்குமிழ் நுழைந்தால் அதை விரட்டவே அரைநாள் போகும்.

ஒரிஜினல் கார்ட்ரிட்ஜ் என்பது ஹெட் சேர்ந்த வகைக்குக் கிட்டத்தட்ட புதுப் பிரிண்டர் வாங்கின மாதிரி. பழைய அடைப்பு, எரிந்த துளை எல்லாம் பழைய கார்ட்ரிட்ஜோடு போய்விடும். வலி பக்கக் கணக்கில்தான். உதாரணத்துக்கு ஹெச்பி 680 கருப்புக்கு 480 பக்கம், மூவண்ணத்துக்கு 150 பக்கம் என்று குறிப்பிடுகிறார்கள். இதுவும் ஒரு பக்கத்தில் சுமார் ஐந்து சதவீதம் மட்டும் மை படிவதாக வைத்துச் சொல்வது. கணக்கு வினாத்தாளில் படமும் கட்டமும் வந்தால் குறையும். ஆயிரம் ரூபாய் என்று வைத்தால் கருப்புப் பக்கம் ஒன்றுக்கு இரண்டு ரூபாயைத் தாண்டும். எங்கள் தெரு ஜெராக்ஸ் கடையில் ஒரு பக்கம் பிரிண்ட் இரண்டு ரூபாய். கணக்குப் போட்டு முடித்ததும் கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். ஒன்பது வருடமாக ஜெராக்ஸ் கடை விலையையே வீட்டில் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறேன், கூடவே பிரிண்டரையும் பராமரித்துக்கொண்டு.

அதனால் பிரிண்டரே இல்லாமல் இருப்பதையும் ஒரு வழியாக எண்ணிப் பார்க்க வேண்டும். பாண்டியில் லாஸ்பேட்டையில் இருக்கும் என் தங்கைக்கு அதைத்தான் சொன்னேன். அவள் மாதத்துக்கு ஒருமுறை பிள்ளையின் பள்ளி வேலைக்காக நாலைந்து தாள் எடுப்பாள். ஒவ்வொரு முறையும் மை காய்ந்திருக்கும், ஒவ்வொரு முறையும் கிளீனிங். வாங்கிய மையில் பெரும்பகுதி பஞ்சுக்குத்தான் போயிருக்கும். இங்க்ஜெட் சும்மா இருந்தால்தான் சீக்கிரம் கெடும். அவள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஜெராக்ஸ் கடை இருக்கிறது, ஃபைலை போனில் அனுப்பினால் எடுத்து வைக்கிறார்கள். பிரிண்டரை ஒழித்த இடத்தில் இப்போது துளசிச்செடி வைத்திருக்கிறாள்.

எதிர்வீட்டு அக்கா கதை நேர்மாறு. அவர் ஆன்லைன் விண்ணப்பங்கள் போட்டுத் தருகிறவர். தினமும் நாற்பது ஐம்பது தாள், நடுவில் கலர் போட்டோ. “டேங்க் வாங்குடி, கண்ணை மூடிக்கிட்டு வாங்கு” என்றார். அவருக்கு அது சரி. கார்ட்ரிட்ஜுக்குப் பதில் தொட்டியில் பாட்டில் மையை ஊற்றும் இங்க் டேங்க் பிரிண்டரை எப்சன் 2010இல் முதலில் இந்தோனேசியாவில் எல்100 என்ற மாடலாக விற்கத் தொடங்கி, அப்புறம் இங்கேயும் கொண்டுவந்தது. கேனனும் ஹெச்பியும் பின்னால் வந்தன. எப்சன் 003 கருப்பு பாட்டிலில் 65 மில்லி மை, 4500 பக்கம் என்கிறார்கள். நானூறு ரூபாய் என்று வைத்தாலும் பக்கத்துக்குப் பத்து பைசாகூட ஆகவில்லை. புது இயந்திரத்தோடு வரும் முதல் செட் மையில் ஒரு பகுதி குழாய்களை நிரப்பவே போய்விடும், அதனால் முதல் பாட்டில் சீக்கிரம் தீர்ந்தால் ஏமாந்துவிட்டதாக நினைக்க வேண்டாம்.

ஆனால் டேங்க் வந்துவிட்டால் மை காயாது என்று கடைகளில் சொல்வதை நம்பாதீர்கள். மை மலிவாகியிருக்கிறது, அது இன்னும் தண்ணீரில் கலந்த மைதான். வாரத்துக்கு ஒரு கலர் பக்கமாவது ஓட்டவில்லை என்றால் இதிலும் அடைக்கும். பல மாடல்களில் ஹெட் இயந்திரத்துக்குள் நிரந்தரமாக இருப்பதால், மாற்றச் சொன்னால் வரும் செலவு இயந்திர விலையின் நல்ல பங்கைத் தொடும்.

இங்கேதான் என் விஷயம் முடிவானது. ஜூன் முதல் டிசம்பர் வரை மாதம் சுமார் நூற்றைம்பது பக்கம் எடுக்கிறேன். பொதுத்தேர்வு நெருங்கும் ஜனவரி முதல் மார்ச் வரை மாதம் ஐந்நூறு. ஏப்ரலில் ஐம்பது. மே மாதம் பூஜ்யம், பிள்ளைகள் இல்லை, நானும் அம்மா வீட்டுக்குப் போய்விடுவேன். கத்திரி வெயிலில் பூட்டிய வீட்டுக்குள் ஒரு மாதம் சும்மா நின்றாலும் கெடாத இயந்திரம் எனக்கு வேண்டும். கலர் எனக்குத் தேவையே இல்லை. லேசர் பிரிண்டரில் மைக்குப் பதில் போடும் டோனர் உலர்ந்த பொடி, காய்வதற்கு அதில் ஒன்றுமில்லை.

கருப்பு வெள்ளை லேசரின் கணக்கையும் மறைக்காமல் சொல்கிறேன். ஹெச்பி 12ஏ மாதிரி ஒரு டோனர் 2000 பக்கம் ஓடும். கம்பெனி டோனரே வாங்கினால் பக்கத்துக்கு இரண்டு மூன்று ரூபாய் ஆகிறது, கார்ட்ரிட்ஜைவிட ஒன்றும் லாபமில்லை. கம்பேட்டிபிள் டோனரோ ரீஃபிலோ போட்டால் முப்பது முப்பத்தைந்து பைசா. மையில் கம்பேட்டிபிளுக்குத் தயங்கிய நான் இங்கே சரி என்கிறேன், பொடியில் காயும் ஆபத்து இல்லை என்பதுதான் காரணம். வருடம் சுமார் 2,600 பக்கம் எடுக்கும் எனக்கு, பழைய செலவு ஐயாயிரத்து இருநூறுக்கு மேல். லேசரில் ஆயிரத்துக்குள். பதினாலாயிரம் ரூபாய் இயந்திரம் அந்த வித்தியாசத்தில் அடைபட மூன்று வருடத்துக்கு மேல் ஆகும். டேங்க் இன்னும் சீக்கிரம் அடைபடும். பணம் ஒன்றையே பார்த்தால் டேங்க்தான். மே மாதத்தைப் பார்த்தால் லேசர்.

லேசரில் ஒரு தொல்லை உண்டு. பொடியை உருக்க உள்ளே ஓர் உருளை கடுமையாகச் சூடாக வேண்டும், அதனால் ஓடும்போது சில நூறு வாட் இழுக்கும். இங்க்ஜெட்டுக்குப் பத்து இருபது வாட் போதும். கரண்ட் போனால் சின்ன இன்வெர்ட்டரிலோ யூபிஎஸ்ஸிலோ லேசரை ஓட்டக் கூடாது. மின்வெட்டு அதிகமுள்ள பகுதியில் இருப்பவர்களும், வாங்கும் இயந்திரத்திலேயே போட்டோவும் எடுக்க வேண்டியவர்களும் இதை யோசித்துக்கொள்ளுங்கள்.

பாண்டிக்குப் போய் வாங்கினால் மலிவு என்று அப்பா காலத்துப் பேச்சு ஒன்று எங்கள் வீட்டில் இன்னும் இருக்கிறது. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்த பிறகு இரண்டு ஊருக்கும் வரி ஒன்றுதான். சர்வீஸுக்குத் தூக்கிக்கொண்டு போகும் தூரத்தை நினைத்தால் உங்கள் ஊர்க் கடையிலேயே வாங்குங்கள்.

நான் செய்தது இரண்டு கட்டமாக. ஜனவரி திருப்புதல் தேர்வு தலைக்கு மேல் இருந்ததால், அப்போதைக்குக் கருப்பு ஒரிஜினல் கார்ட்ரிட்ஜ் ஒன்று வாங்கிப் பழைய பிரிண்டரிலேயே மார்ச் வரை ஓட்டினேன். அவசரத்தில் இருப்பவர்களுக்கு, ஹெட் சேர்ந்த வகையில், அதுதான் சரியான வழி. ஜூனில் லேசர் வாங்கினேன்.

பழையதை எடைக்குப் போடவில்லை. அதில் ஸ்கேனர் நன்றாக இருக்கிறது. ஆனால் கார்ட்ரிட்ஜ் பிழை காட்டினால் சில மாடல்கள் ஸ்கேன் செய்யவும் மறுக்கும், அதனால் இரண்டு கார்ட்ரிட்ஜையும் உள்ளேயே வைத்து வாரம் ஒரு பக்கம் ஓட்டுகிறேன். தூக்கிப்போட வேண்டிய நாள் வந்தால் தெருக் குப்பைத்தொட்டியில் போடாதீர்கள். மின்கழிவு விதிகளின் பட்டியலில் பிரிண்டரும் கார்ட்ரிட்ஜும் சேர்ந்தே இருக்கின்றன, தயாரித்த கம்பெனிகளுக்கு அவற்றை மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு உண்டு. காலிக் கார்ட்ரிட்ஜ்கள் நாலைந்து சேர்ந்ததும் பையில் கட்டி, விற்ற கடையில் கேட்டுக் கொடுத்துவிடுகிறேன்.